பூக்கட்டிப் பார்த்துச் சொன்ன சம்மதம்

"புரிஞ்சுதா?" என்று நோயாளியிடம் கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்பதும் ஒன்றுதான், கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். அறுவைச் சிகிச்சை வார்டிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன். தமிழர் "ம்" என்பார், மலாய்க்காரர் "ஃபஹாம்" என்பார், சீனர் தலையை மட்டும் ஆட்டுவார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் மூவரும் என் பக்கம் திரும்பி, "மிஸ்ஸி, இப்ப என்ன சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டு சிஸ்டராகி, உடுப்பின் நிறம் மாறிய பிறகும் நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸிதான்.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தேவி. என்னிடம் வேலை பழகியவள், இன்று அவளே ஒரு வார்டுக்குச் சிஸ்டர். போன மாதம் ஜொகூர் பாரு பக்கம் தெப்ராவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவள் கையோடு ஒரு காணொளியைக் கொண்டுவந்து காட்டினாள். இனிமேல் அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளி கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துவிடுவார்களாம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம், எது வேண்டுமோ தொட்டுக்கொள்ளலாம். பொம்மை வயிறு திறக்கிறது, பொம்மைக் குடல் நெளிகிறது, ஒரு பெண் குரல் நல்ல தமிழில் விளக்குகிறது. கடைசியில் 'புரிந்துகொண்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

"எப்படி சிஸ்டர்?" என்றாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு. 'புரியல'ன்னு ஒரு பொத்தான் எங்க?"

"அது இல்ல. திரும்பப் பாக்குறதுக்கு ஒண்ணு இருக்கு."

"அப்ப புரியாதவன் சாகுற வரைக்கும் பாத்துக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்."

தேவி சிரித்தாள். "புதுப் பிள்ளைங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறோம். இந்த மாதிரி நாலு வார்த்தை வந்து பேசுங்க லா" என்றாள். மேடையில் ஏறினால் எனக்குத் திட்டத்தான் வரும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

படத்தை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுகூடக் கிடையாது. என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: தமிழ்ப்பள்ளி, பிறகு இடைநிலைப்பள்ளி, பிறகு ஜொகூர் பாருவில் தாதியர் பயிற்சி. அங்கே மூலை மடித்துப் படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், சிஸ்டரைக் கண்டால் முதுகை நிமிர்த்தவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் வாயில் வருவதை இன்னொருவர் காதில் சரியாகப் போடக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஓர் அரசாங்க மருத்துவமனைக்கு என்னை அனுப்பியதும் முதல் வாரமே அந்த வேலை என் தலையில் விழுந்தது. அந்த வார்டில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

அன்றைய முறை சுருக்கமானது. டாக்டர் நின்றபடியே இரண்டு வாக்கியம் சொல்வார். நான் அதை ஒரு வாக்கியமாக்குவேன். ஒப்புதல் படிவத்தை நீட்டி, "சைன் சினி" என்று விரலால் இடம் காட்டுவார்கள். நோயாளி கையெழுத்து, டாக்டர் கையெழுத்து, அதற்குக் கீழே மொழிபெயர்த்தவரின் கையெழுத்து. அந்த மூன்றாவது கோட்டில் என் பெயரை எழுதியபோதெல்லாம் நான் பெரிதாக ஒன்றும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் டாக்டர் ஹாஷிம்.

நான் சிஸ்டரான பிறகு அவர் எங்களுக்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக மாற்றலாகி வந்தார். நெட்டையான ஒல்லி மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைக்கும் நேரம் நீண்டால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டு நழுவிவிடுவோம். காலையில் கும்பலாகச் சுற்றி வருகிறபோது அவர் யாரிடமும் சம்மதம் கேட்கமாட்டார். பிற்பகல், உறவினர்கள் வந்துவிட்ட நேரமாகப் பார்த்துத் தனியாக வருவார். குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்காருவார். அதில் உட்கார்ந்தால் அவ்வளவு உயரமான மனிதரின் தலையும் படுக்கையில் இருப்பவரின் தலைக்குக் கீழே போய்விடும்.

பிறகு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் படம் போடுவார். குடலென்றால் குடல், பித்தப்பையென்றால் பித்தப்பை. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் அதை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்தது. எல்லாம் சொல்லியானதும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, "நீங்கள் வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வருகிறார். ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயைத் திறக்கமாட்டார்.

அந்த மௌனம் இருக்கிறதே, எனக்கு ஆகவே ஆகாது. முதல் முறை நோயாளி விழித்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, "கல்லை எடுப்பாங்கன்னு சொல்லுங்க ஐயா" என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சிஸ்டர், பரீட்சை உங்களுக்கு இல்லை" என்றார். அதற்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

நின்று கேட்டதில்தான் தெரிந்தது, நாங்கள் சொன்னது ஒன்று, அவர்கள் மனத்தில் போய் உட்கார்ந்தது வேறொன்று. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பித்தப்பையைக் கழுவி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். மெர்சிங்கிலிருந்து ஒரு மலாய் மீனவர் குடலிறக்கத்துக்கு வந்திருந்தார். உள்ளே ஒரு வலை வைத்துத் தைப்போம் என்று டாக்டர் சொன்னதும் அவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். கண்ணி எவ்வளவு பெரிது, எந்த நூல், ஈரத்தில் மக்குமா, ஓரத்தை எதில் கட்டுவீர்கள் என்று அவர் கேட்க, டாக்டர் ஹாஷிம் உற்சாகமாகி முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். வார்டே வேடிக்கை பார்த்தது. அந்த மாதம் பூராவும் அவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர் வேறு யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கேள்வி தோற்றுப்போனது ஒரே ஒருவரிடம். அவரைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

லெட்சுமி அக்கா காஹாங்கிலிருந்து வந்தவர். செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்து ஓய்ந்தவர். ஆனால் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் பண்ணையைச் சொல்லமாட்டார். "மாரியம்மனுக்குப் பூ கட்டுறேன், வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கிறேன்" என்பார். தோட்டத்துக் கோயிலில் அந்த இரண்டும் அவர் பொறுப்பு. கணவர் எப்போதோ போய்விட்டார். ஒரே மகன் குமார். தெப்ராவ் பக்கம் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்தான்.

அக்காவுக்கு மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்துக் கைவைத்தியம் பார்த்துப் பார்த்து நாளைக் கடத்தியிருக்கிறார். குமார் வற்புறுத்தி இழுத்து வந்தபோது மலக்குடலின் கடைசியில், ஆசனவாய்க்கு மிக அருகில் புற்றுக்கட்டி. அதை எடுப்பதென்றால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்து அந்த இடத்தைத் தைத்து மூடிவிட வேண்டும். குடலின் நுனியை வயிற்றில் இடப்பக்கம் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து விடுவார்கள். மலம் அந்த வழியாக ஒரு பையில் விழும். ஆயுள் முழுதும் அப்படித்தான். செய்யாமல் விட்டால் கட்டி வழியை அடைத்துக்கொள்ளும், பரவும், ஆள் பிழைக்கமாட்டார்.

டாக்டர் பேச வருவதற்குச் சற்று முன்னால் குமார் என்னை வழிமறித்தான். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான், தொழிற்சாலைச் சட்டைகூட மாற்றவில்லை.

"சிஸ்டர், ஒரு உதவி. டாக்டர் சொல்றதை அம்மாகிட்ட அப்படியே சொல்லாதீங்க."

"எதைச் சொல்லக் கூடாது?"

"பை விஷயம். மூணு மாசத்துல எடுத்துருவாங்கன்னு சொல்லிருங்க. டாக்டருக்குத் தமிழ் தெரியாதுல்ல. ஆயுசு பூரான்னு கேட்டா அம்மா ஒத்துக்காது. அதை வச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள எப்படிப் போறது, செத்துப்போறதே மேல்னு சொல்லிரும். எங்கம்மாவை எனக்குத் தெரியும்."

"மூணு மாசம் கழிச்சு, பையை எடுக்கச் சொல்லுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"அப்ப உசுரோட இருக்கும்ல. என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். இருந்து அடிக்கட்டும் சிஸ்டர்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் என் வாய்தான். "உங்கம்மா வயித்தை உங்கம்மாவுக்கே தெரியாம அறுக்கச் சொல்றீங்களா? எங்கிட்ட அது நடக்காது. நான் கையெழுத்துப் போடுறவ" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வார்டுக்குள் நடந்தேன். இவன் சொல்வது உண்மையாகிவிட்டால், அந்த அம்மா வேண்டாம் என்று எழுந்து போய் வீட்டில் கிடந்து செத்தால், அந்த வார்த்தை என் வாயிலிருந்து போனதாகத்தானே இருக்கும்? பயமாக இருந்தது.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து படம் போட்டார். அக்கா கடைத்தெருவுக்குப் போதுமான மலாய் பேசுவார். ஆனால் குடலையும் ஆசனவாயையும் பற்றிக் கடைத்தெருவில் யார் பேசுகிறார்கள்? அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் தமிழில் சொன்னேன். பையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. "இது கொஞ்ச நாளைக்கு இல்லக்கா. ஆயுசுக்கும்" என்றேன். குமார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சரிங்க மிஸ்ஸி" என்றார்.

டாக்டர் பேனாவை மூடிவிட்டுத் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் அதை வாழைப்பழத்தோடு சேர்த்து மொழிபெயர்த்தேன்.

"பக்கத்து வீட்டுக்காரிகிட்டயா?" என்றார் அக்கா. "அவகிட்ட இதை எதுக்குச் சொல்றேன்? தோட்டத்து லயத்து வீட்டுல ஒருத்திகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. மூலம்னு சொல்லிட்டுப் பழத்தை வாங்கி வச்சுக்குவேன்."

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் சிரித்துவிட்டார். நான் மலாயில் சொன்னதும் டாக்டரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எத்தனையோ பேரிடம் பலித்த கேள்வி. இப்படி ஒரு பதில் அவருக்கு வந்ததில்லை. "சரி, எனக்கே சொல்லுங்கள்" என்றார். அக்கா அழகாகச் சொன்னார். கட்டி, வெட்டு, தையல், மயக்க மருந்து, ரத்தம் ஏற்றுவது, ஒன்றையும் விடவில்லை. பையை மட்டும் விட்டுவிட்டார். டாக்டர் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் பை வரவில்லை. "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கையை நீட்டினார். டாக்டர் கோப்பை மூடினார்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். "அவருக்குக் காதில் விழுந்துவிட்டது சிஸ்டர். வாயில்தான் வரவில்லை. வாயில் சொல்ல முடியாத ஒன்றுக்கு நான் அவரிடம் கையெழுத்து வாங்கமாட்டேன். அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. இதை அவர் யாரிடம் சொல்வார் என்று கண்டுபிடியுங்கள்."

கண்டுபிடிக்க நான் ஒன்றும் செய்யவில்லை. அன்று சாயங்காலம் படுக்கை விரிப்பை மாற்றும்போது அக்காவே கேட்டார்.

"மிஸ்ஸி, ஒரு நாள் வீட்டுக்கு விடுவாங்களா? பூக்கட்டிப் பாக்கணும்."

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பெரிய காரியம் ஒன்றில் மனம் நிற்காமல் ஆடும்போது நம்மவர்கள் சாமியிடம் கேட்பார்கள். ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போட்டுக் கும்பிட்டுவிட்டு ஒரு சிறு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

அலமாக் என்று மனத்துக்குள் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கும் இதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. என் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது நானே கட்டிப் பார்த்தவள்தான். ஆனால் மகளுக்கு அந்த மாப்பிள்ளை இல்லையென்றால் வேறு மாப்பிள்ளை. இந்த அம்மாவுக்குச் சிவப்பு வந்தால்? டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கண்ணாடியைத் துடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துடைக்கவில்லை.

"எங்கள் வீட்டில் இறைவனிடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுவார்கள்" என்றார். "என் அம்மா அதைத் தொழாமல் வீடுகூட மாற்றமாட்டார்."

"சிவப்பு வந்துட்டா டாக்டர்?"

"அப்போது வேண்டாம் என்பார். அது அவர் உரிமை, நாம் மறுபடியும் பேசிப் பார்ப்போம். எனக்கு வேறொன்றுதான் கவலை. அங்கே போய் என்ன கேட்கப் போகிறார்? ஆப்பரேஷன் செய்யலாமா என்று மட்டும் கேட்டால் அது பாதிக் கேள்வி. முழுதாகச் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள்."

அதை அப்படியே கொண்டுபோய் அக்காவிடம் சொன்னேன். "அம்மனுக்குத் தெரியாததா?" என்றார்.

"அம்மனுக்குத் தெரியும். உங்க வாயால சொல்லணும்னு டாக்டர் சொல்றாரு."

அவர் விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். "அந்த மனுஷன் விடமாட்டாரு போலிருக்கே" என்றார்.

வெள்ளிக்கிழமை குமார் நண்பனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். அம்மாவைக் காரில் ஏற்றிவிட்டு என்னிடம் திரும்பி வந்தான். என் மேல் இருந்த கோபம் போய்விட்டிருந்தது.

"சிவப்பு வந்துட்டா என்ன பண்றது சிஸ்டர்? பூசாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கவா?"

நான் முறைத்தேன்.

"இல்ல, மாட்டேன். அம்மன் விஷயம். எனக்கே பயமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று நான் வேலையில் இருந்தேனே தவிர மனம் காஹாங்கில் இருந்தது.

மறுநாள் கையில் மல்லிகைச் சரத்தோடு அக்கா வார்டுக்குள் நடந்து வந்தார். பின்னால் துணிமணிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த குமாரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "வெள்ளை" என்றான்.

டாக்டர் ஹாஷிம் வந்தார், முக்காலியைப் போட்டார். வாழைப்பழத்தை விட்டுவிட்டார். "உங்கள் அம்மனிடம் என்ன கேட்டீர்கள்?" என்று கேட்டார்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். கோயிலில் நிற்பதைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"தாயே, பின்வழியைத் தைச்சு மூடிருவாங்க. பீ இனிமே வயித்து வழியா வரும். பையிலதான் பிடிக்கணும். தூங்கும்போதும் வரும், உன் முன்னாடி கும்பிட்டு நிக்கும்போதும் வரும், என்னால அடக்க முடியாது. சாகுற வரைக்கும் அப்படித்தான். செஞ்சாலும் கட்டி திரும்ப வரலாம். மயக்கத்துலயே போனாலும் போயிருவேன். செய்யலன்னா கண்டிப்பாப் போயிருவேன். எல்லாம் தெரிஞ்சுதான் கேக்குறேன். செஞ்சுக்கிட்டு அந்தப் பையோட உன் வாசலுக்கு வந்தா என்னை ஏத்துக்குவியான்னு கேட்டேன்."

நான் அதை மலாயில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை, மெருகேற்றவும் இல்லை. டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, படிவத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். லெட்சுமி அக்கா தமிழில், எழுத்தெழுத்தாக, தன் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதினார். மூன்றாவது கோட்டில் நான் என் பெயரை எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். துளை எந்த இடத்தில் வர வேண்டும் என்று முன்கூட்டியே வயிற்றில் பேனாவால் குறித்து வைப்போம். நோயாளியை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பு விழுகிற இடத்தில் போட்டால் பை ஒட்டாது. நான் குறித்த இடத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "இருங்க மிஸ்ஸி" என்று புடவையை வழக்கமாகக் கட்டும் இடத்தில் செருகிக்கொண்டு, பொங்கல் பானையைக் கிண்டுவதைப் போல இரண்டு கையாலும் கரண்டி பிடித்துக் குனிந்து காட்டினார். புடவைக் கட்டு சரியாகப் புள்ளியின் மேல் அமுக்கியது. அழித்துவிட்டுச் சற்றுக் கீழே குறித்தேன்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை நானே அவரைத் தயார் செய்தேன். பச்சை அங்கி மாட்டி, வளையல்களைக் கழற்றி, கோயில் கயிற்றின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன். குமாருகிட்டச் சொல்லிராதீங்க."

"என்னக்கா?"

"ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான். நான்தானே கோயிலுக்குப் பூ கட்டுறவ. நானே கட்டிக் கொண்டாரேன்னு பூசாரிகிட்டச் சொல்லிட்டேன்."

ஒட்டிய பிளாஸ்திரியையே இன்னொரு முறை அழுத்திவிட்டேன்.

"கேட்டது அத்தனையும் நெசம் மிஸ்ஸி. கண்ணீர் விட்டுக் கேட்டேன். பதிலுக்குத்தான் பயந்துட்டேன். சிவப்பு வந்துட்டா என்ன பண்றது? எனக்கு இருக்கணும். அவன் கல்யாணத்தைப் பாக்கணும்."

"அதை நேராவே டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா. அம்மனை ஏன் இழுத்தீங்க?"

"அவனுக்காக. அன்னைக்கு அவன் உங்க பின்னாடி ஓடுனப்பவே எனக்குத் தெரியும், ஏதோ பொய் சொல்லச் சொல்றான்னு. சின்னப் பிள்ளையிலேர்ந்து பாக்குற மூஞ்சி. இப்ப நான் மேசையிலேயே போயிட்டேன்னு வைங்க, நான்தானே அம்மாவைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்னு ஆயுசுக்கும் அழுவான். அம்மன் சொல்லித்தான் நடந்துச்சுன்னா அவன் மனசு ஆறிரும்."

"அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?"

"கோவிச்சுக்குவா. அவகிட்டச் சொல்லிட்டுத்தான் கட்டினேன். அதை நான் பாத்துக்கிறேன்."

மகன் ஒரு பொய் சொல்லச் சொன்னபோது எரிந்து விழுந்தவள் நான். தாய் அதே மகனுக்காக ஒரு பொய்யைக் காப்பாற்றச் சொன்னபோது, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலைத் தள்ளினேன். இது அவர் வயிற்றைப் பற்றிய பொய் இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அறுவைச் சிகிச்சைக் கூடத்தின் வாசலில் குமார் நின்றுகொண்டிருந்தான். கட்டில் கிட்டே வந்ததும் குனிந்து அம்மாவின் நெற்றியைத் தடவினான். "அம்மனே சொல்லிட்டா. போய்ட்டு வாம்மா. எனக்குப் பயமே இல்ல" என்று சிரித்தான். அக்காவின் முகம் தெளிந்தது. உள்ளே போகும் வரைக்கும் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

லெட்சுமி அக்கா பிழைத்தார். கட்டி திரும்ப வரவில்லை. முதலில் கொஞ்ச காலம் கோயில் வாசலோடு நின்றுகொண்டார். பிறகு பூசாரியே, பொங்கல் வைக்க ஆளில்லை, இன்னும் எத்தனை நாளைக்கு அங்கேயே நிற்பாய் என்று சத்தம் போட்டு உள்ளே கூப்பிட்டிருக்கிறார். சோதனைக்கு வரும்போதெல்லாம் வார்டுக்கு வந்து எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போவார். மகன் கல்யாணத்தைப் பார்த்தார், பேரப்பிள்ளையையும் தூக்கினார். போன வருஷம் நெஞ்சு வலி வந்து போய்விட்டார்.

தேவிக்கு எழுதித் தருகிறேன் என்று சொன்ன பிறகு, லெட்சுமி அக்காவைப் பற்றி எழுத குமாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது அவன் குடும்பத்தோடு தெப்ராவிலேயே இருக்கிறான். போய் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. என்ன எழுதப்போகிறேன் என்று முழுதாகச் சொல்லாமல் வாங்கினால் அது என்ன சம்மதம்? காலமெல்லாம் மற்றவர்களிடம் இதைச் சொல்லித்தானே கண்டிப்புக் காட்டினேன். சொன்னாலோ அக்காவுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். அவன் மனைவி வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தப் பூவைப் பத்தியும் எழுத வேண்டி வரும்" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"ரெண்டும் வெள்ளைங்கிறதையா சிஸ்டர்?" என்றான்.

எடுக்கப்போன தேநீர்க் கோப்பையைத் திரும்ப வைத்தேன்.

"அன்னைக்குக் கோயில்ல, அம்மா காருக்குப் போனதும் மத்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்துட்டேன். பிரிக்கக் கூடாதுதான். மனசு கேக்கல. எழுதுங்க, இனிமே என்ன இருக்கு."

"அப்ப அன்னைக்கு வாசல்ல நின்னுக்கிட்டு, பயமே இல்லன்னு சிரிச்சீங்களே தம்பி?"

"உள்ளுக்குள்ள கதறிக்கிட்டுத்தான் இருந்தேன். நான்தானே இழுத்துட்டு வந்தேன். ஏதாவது ஆனா நான்தானேன்னு" என்றான் குமார். "ஆனா அம்மா திரும்பித் திரும்பி என் மூஞ்சியையே பாக்குது சிஸ்டர். எனக்குப் பயமில்லன்னு தெரிஞ்சுக்கத்தானே அது அவ்வளவும் பண்ணுச்சு. நான் வேற எந்த மூஞ்சியைக் காட்டுறது?"